ஜடேஜாவை அனுப்பிதான் சஞ்சு வந்தார்: உங்க சம்பளத்துக்கும் அதே கணக்குதான்

"அண்ணா, தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. மாசம் 6,000 ஒதுக்கணும். பர்சனல் லோன் போட்டுடட்டுமா?"

கேட்டவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கத்து ஊர்த் தம்பி. ஒரகடத்தில் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், கள்ளக்குறிச்சியில் என் ஆபீஸுக்கு வந்திருந்தார், மஞ்சள் சிஎஸ்கே டி-ஷர்ட்டோட! அதனால சிஎஸ்கே கணக்கையே சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

2025 ஐபிஎல்லில் சிஎஸ்கே கடைசி இடம். ரன் அடிக்க ஆள் வேணும். ஆனா எவ்வளவு பணக்கார ஓனரா இருந்தாலும், 2026 சீசனுக்கு ஒரு டீம் வீரர்களுக்குச் செலவு பண்ண உச்சவரம்பு 125 கோடிதான். சஞ்சு சாம்சன் சம்பளம் 18 கோடி. என்ன செய்தாங்க? 2025 நவம்பரில் 18 கோடி ஜடேஜாவையும் 2.4 கோடி சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பினாங்க. வெளியே போனது 20.4, உள்ளே வந்தது 18. ஆள் கிடைச்சார், 2.4 கோடி இடமும் மிச்சம். 2023 ஃபைனலில் கடைசி ரெண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடிச்சு கப் வாங்கிக் கொடுத்த ஜடேஜாவை அனுப்ப மனசு வருமா? ஆனாலும் அனுப்பினாங்க.

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏவிலும் இதே கதை. 2024-25 சீசனில் மூணு பாயிண்ட் ஷாட் சதவீதத்தில் ஆர்லாண்டோ மேஜிக் டீம்தான் கடைசி. நல்ல ஷூட்டரான டெஸ்மண்ட் பேனை வாங்க, ரெண்டு வீரர்களையும், வருங்கால டிராஃப்டில் நாலு முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்தாங்க. ரெண்டு பேர் சம்பளத்தைக் கூட்டினாதான் பேன் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும்.

இங்கதான் முக்கியமான விஷயம். ஐபிஎல் மாதிரி இல்லாம, என்பிஏவில் சம்பள வரம்பைத் தாண்டலாம். ஆனா தாண்டத் தாண்ட கட்டுப்பாடு கூடும். முதல்ல, அனுப்புற சம்பளத்துக்கு மேல உள்ளே எடுக்க முடியாது. இன்னும் மேலே போய் 'செகண்ட் ஏப்ரன்' கோட்டைத் தாண்டிட்டா, ரெண்டு வீரர் சம்பளத்தைக் கூட்டி ஒருத்தரை வாங்கவே முடியாது. ஆர்லாண்டோ செஞ்ச மாதிரி டிரேடுக்கே வழி அடைஞ்சிடும்.

பர்சனல் லோனும் அப்படித்தான். இன்னைக்குப் பணம் கையில் வரும். ஆனா அடுத்த பிரச்சனை வரும்போது மாத்தி வைக்க உங்ககிட்ட எதுவும் இருக்காது.

இப்போ தம்பி கணக்கு. கைக்கு வர்ற சம்பளம் 38,000. வீட்டுக்கு 10,000. வாடகை, சாப்பாடு 12,000. பைக் இஎம்ஐ 6,400. போன் இஎம்ஐ 3,100. மீதி 6,500 பெட்ரோல், ரீசார்ஜ், கைச்செலவு. புது இஎம்ஐக்கு இடம் எங்கே?

"வேலைக்கு பைக்லயா போறீங்க?" என்றேன். "இல்லண்ணா, கம்பெனி பஸ்." கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அந்த பைக்கில் மலை ரோடு ஏறி ஊருக்குள்ள போன முதல் நாள் அவர் அப்பா தெருவில் நின்னு பார்த்தாராம். அதுதான் அவரோட ஜடேஜா.

விசாரிச்சதில் பைக் 1,38,000க்குப் போகும். முன்கூட்டி முடிக்கும் கட்டணத்தோட சேர்த்து லோனை அடைக்க 1,12,000. மிச்சம் 26,000. அதில் போனுக்குப் பாக்கி இருந்த அஞ்சு இஎம்ஐ, 15,500. கையில் 10,500. இனி மாசாமாசம் 9,500 விடுதலை: 6,000 தங்கச்சிக்கு, 3,500 அவசர நிதிக்கு ஆர்டி. 10,500ம் அந்த நிதிக்கே.

நீங்களும் இப்படிச் செய்யறதா இருந்தா மூணு விஷயம்:

1. லோன் முடிஞ்சதும் என்ஓசி வாங்கி, ஆர்சியில் இருக்கும் ஹைப்போதிகேஷனை நீக்குங்க. பேர் மாற்றம் முடியாம வண்டியைக் கொடுக்காதீங்க.

2. விதிகளைப் படிங்க. அஞ்சு வருஷம் இந்தியாவுக்கு ஆடாத வீரர் 'அன்கேப்டு' என்ற விதியால்தான் 2025க்கு தோனியை 4 கோடிக்கு வெச்சுக்க முடிஞ்சது. அதே மாதிரி, தங்கச்சி 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 கிடைக்கும். கல்விக் கடனையும் விசாரிங்க.

3. புதுசா எதையும் வாங்கும் முன், "இதுக்கு யார் வெளியே போறாங்க?" என்று கேளுங்க. பதில் இல்லைன்னா வாங்காதீங்க.

தம்பி போன வாரம் மெசேஜ் அனுப்பினார்: "வண்டி போயிடுச்சுண்ணா. தங்கச்சி ஃபீஸ் கட்டியாச்சு." கூடவே ஒரு போட்டோ. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருக்கார், அதே மஞ்சள் டி-ஷர்ட்டில்.

உங்க டீமில் யாரை டிரேடு பண்ணணும்? இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க.