பரங்கிமலைச் சிலுவையும் பஞ்சமி நிலமும்

"வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்தானே சார்?" செங்கல்பட்டில் நாலு பேர் டீ குடிக்கும் இடத்தில் கிறிஸ்தவம் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். கேட்பவருக்குச் சண்டை போடும் எண்ணமெல்லாம் கிடையாது. பதில்தான் கொஞ்சம் நீளம். இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த பரங்கிமலைக்குப் போவோம். இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார், 72இல் இங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு. அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை, நம்புகிறவர்கள் நம்பட்டும். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று ஒன்று மலை மேலேயே இருக்கிறது. 1547இல் போர்ச்சுக்கீசியர் அங்கே கோயில் கட்டத் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. மேலே இறங்கும் புறா, கீழே இதழ் விரிந்த பீடம், சுற்றிலும் வளைவாக ஓர் எழுத்து வரிசை. அந்த எழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். வாஸ்கோ ட காமா பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாரசீகத் திருச்சபையோடு தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு கல் போதும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவும் தோமா கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர், முஸ்லிம் இரு தரப்பும் அங்கே வந்தார்களாம். அந்த மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கொடுத்தார்களாம்.

அப்புறம்தான் கப்பல்கள். போர்ச்சுக்கீசியர் கத்தோலிக்கர், மயிலாப்பூரை மையமாக வைத்துக்கொண்டார்கள். டச்சுக்காரர் அவர்களுக்கு நேர் எதிரான சீர்திருத்த சபைக்காரர். ஐரோப்பாவில் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டமும் இங்கே ஒரே கரையில் தள்ளித் தள்ளிக் கடை போட்டன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இன்றும் நிற்கிறது. உள்ளே கல்லறைகள், பலகைக் கற்களில் குடும்ப முத்திரைகளும் டச்சு எழுத்தும் ஆழமாகச் செதுக்கியிருக்கும். அவர்கள் இங்கே வந்தது மெல்லிய துணி வாங்கத்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் மீனவக் குப்பத்தின் நடுவே நிற்கும் கார்மேல் மாதா கோயில் 1808இல் கட்டியது. கட்டியவர் ஜான் டி மான்டி என்ற சென்னை வணிகர்.

இங்கிலீஷ்காரன் கதை இன்னும் வேடிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது; மத விஷயத்தில் கை வைத்தால் வியாபாரம் கெடும் என்ற பயம். 1706இல் மிஷனரி சீகன்பால்கு இறங்கியதுகூட கம்பெனி ஊரில் அல்ல, டேனிஷ்காரரின் தரங்கம்பாடியில். 1813 சாசனச் சட்டம்தான் கம்பெனி சீமையில் மிஷனரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1837இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் பள்ளிக்கூடம் தொடங்கி, செங்கல்பட்டிலும் கிளை வைத்தார். அந்தச் சென்னைப் பள்ளி வளர்ந்துதான் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. மறு வருஷமே உலகத் திருச்சபைகளின் பெரிய மாநாடு ஒன்று அங்கே நடந்தது. சீனாவில் நடக்கவேண்டியது, போரால் இங்கே வந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஜில்லாவின் கிறிஸ்தவ வரலாறு கல்லிலும் கல்லூரியிலும் இருப்பதைவிட நிலத்தில்தான் அதிகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டில் மிராசு முறை. ஊர்த் தரிசை யார் கேட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. பறையர் குடிசை போட்ட மனைகூட அவர் பிடியில். கூலி பற்றி வாய் திறந்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இதை அரசிடம் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி விரிவாக அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. அதன்படி ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு ஒதுக்கிய நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். இந்த மக்களுக்காக ஆண்ட்ரூ உருவாக்கிய குடியிருப்புதான் மெல்ரோசாபுரம்.

மிஷனரிகளைத் தூக்கி வைத்துப் பேசவில்லை. ஆள் சேர்க்கும் கணக்கு அவர்களுக்கும் இருந்தது. சேர்ந்த பிறகும் கோயிலுக்குள்ளிருந்து சாதி வெளியே போய்விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூட நடுச்சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

நிலமும் நிலைக்கவில்லை. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையை மீறி ஏராளமாகக் கைமாறியது. அதை மீட்கக் காரணை கிராமத்தில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தினார்கள். கிறிஸ்தவராகிவிட்ட தலித் இன்றும் அந்தப் பட்டியலில் இல்லை.