பயிற்சிக் களத்தின் வேலியோரம்

தேர்த் திருவிழாவைக் காணப் பெருங்கூட்டம் கூடுதல் வியப்பன்று. ஆயின், கொடியேறுவதற்குப் பல நாள்களுக்கு முன்னரே தேர்முட்டியருகே சென்று, அச்சாணி இறுக்கப்படுவதையும் சில்லுக்கு நெய் இடப்படுவதையும் பார்த்து நிற்போர் சிலரும் எவ்வூரிலும் உளர். அவர்களுக்குத் திருவிழா அன்றே தொடங்கிவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலும் அத்தகையோரைக் காணலாம். அங்கே அவர்கள் கூடுவது கோயில் வீதியிலன்று. உதைபந்தாட்டக் கழகங்களின் பயிற்சிக் களத்து வேலியோரத்திலாகும்.

அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம் குளிர்கால விளையாட்டு. மார்ச் மாதத்தில் தொடங்கும் போட்டிப் பருவம், பெரும்பாலும் செப்டெம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று மெல்பேண் கிரிக்கெட் மைதானத்தில் நடைபெறும் மாபெரும் இறுதியாட்டத்துடன் முடிவடையும். அதன் பின்னர் நாட்டின் கவனம் கிரிக்கெட்டின்பாற் செல்லும். டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை அங்கே கடுங்கோடை. அக்கோடையின் காலை வேளைகளில், தலையில் அகன்ற தொப்பியும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக முதியோரும், விடுமுறையிலுள்ள பள்ளிச் சிறாரும், வேலைக்குச் செல்லும் வழியில் சற்றே தரித்தோரும் வேலியைப் பற்றிக்கொண்டு நிற்பர். உள்ளே வீரர்கள் ஓடிக்கொண்டிருப்பர். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, புள்ளிப் பலகைக்கும் வேலையில்லை. இருந்தும் இவர்கள் ஏன் நிற்கின்றனர்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், முதலில் அவ்விளையாட்டின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

இது நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் ஆடப்படும் உதைபந்தாட்டத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஆடுகளம் நீள்வட்டமானது, நீளம் 135 முதல் 185 மீற்றர் வரையும், அகலம் 110 முதல் 155 மீற்றர் வரையும் இருக்கலாம். பந்தும் நீள்வட்டமே. ஒவ்வோர் அணியிலும் ஒரே நேரத்தில் 18 பேர் களத்தில் நிற்பர். இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளிகள். பக்கக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே சென்றால் 1 புள்ளி. பந்தைக் கையிலேந்தி ஓடலாம். ஆயின் 15 மீற்றருக்குள் ஒரு முறையேனும் அதனை நிலத்திற் படச் செய்தல் வேண்டும். மற்றொருவருக்குக் கையால் வழங்க விரும்பின் எறிதல் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் குத்தியே அனுப்பலாம். உதைக்கப்பட்டு 15 மீற்றர் தூரமாவது வந்த பந்தை, நிலத்திலும் வேறொருவரிலும் படுமுன் பிடிப்பவருக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை கிடைக்கும். எதிரியின் தோளையே படிக்கட்டாகக் கொண்டு உயரத் தாவிப் பந்தைப் பிடிக்கும் காட்சியே இவ்விளையாட்டின் தனியழகு எனலாம்.

இருபது நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நிகழும். பந்து ஆட்டத்திலில்லாத நேரம் அவற்றுடன் கூட்டப்படும். இவ்வளவு நேரம் இத்துணைப் பரந்த களத்தில் ஓடியும், தாவியும், மோதியும் நிற்க வேண்டியிருத்தலின், ஆயத்தமின்றி இறங்குவோனை இவ்விளையாட்டு மன்னிப்பதில்லை.

வரலாற்றை நோக்குமிடத்துச் சுவையான உண்மையொன்று புலப்படும். இவ்விளையாட்டே ஒரு பயிற்சியாகத்தான் கருக்கொண்டது. 1858 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், விக்ரோரியாவின் பெயர்பெற்ற கிரிக்கெட் வீரரான தோமஸ் வில்ஸ் என்பார், மெல்பேண் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். கோடையில் ஆடும் கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் வாளாவிருந்து உடல் தளர்ந்துவிடாதிருக்க உதைபந்தாட்டக் கழகமொன்றை அமைத்தல் நன்று என்பது அதன் சாரம். மறு ஆண்டு, 1859 மே 17 ஆம் நாள், மெல்பேண் உதைபந்தாட்டக் கழகத்தினர் பத்து விதிகளை வகுத்தனர். கிரிக்கெட்டுக்கான பருவ முன்பயிற்சியாக எண்ணப்பட்ட ஒன்று, தானே பெருவிளையாட்டாகி, இன்று தனக்கென நான்கு மாதப் பயிற்சியை வேண்டி நிற்கின்றது. உதவிக்கு வந்தவர் வீட்டுக்கே உரியவரானமை போன்றது இது.

1897 ஆம் ஆண்டில் எட்டுக் கழகங்களுடன் விக்ரோரிய உதைபந்தாட்டக் கூட்டிணைவு தன் போட்டிகளைத் தொடங்கியது. 1990 ஆம் ஆண்டில் அது அவுஸ்திரேலிய உதைபந்தாட்டக் கூட்டிணைவு எனப் பெயர் மாறியது. 2012 ஆம் ஆண்டிலிருந்து அதில் பதினெட்டு அணிகள் போட்டியிடுகின்றன. முற்காலத்து வீரர்கள் பகலெல்லாம் தொழிற்சாலையிலோ, கடையிலோ, அலுவலகத்திலோ உழைத்துவிட்டு, செவ்வாய், வியாழக்கிழமை மாலைகளிலே பயிற்சிக்கு வருவது வழக்கம். அக்காலத்திலும் வேலியோரம் வெறுமையாக இருந்ததில்லை. அயல்வீட்டுத் தச்சனும் தபாற்காரனும் விளையாட்டு வீரராக மாறும் காட்சியைப் பார்க்க அத்தெருவாரே வந்து நின்றனர். 1966 ஆம் ஆண்டில் றிச்மண்ட் கழகத்தின் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற தொம் ஹேஃபி, உடல் வன்மையை வெற்றியின் அடிப்படையாகக் கொண்டவர். கடும் ஓட்டப் பயிற்சியில் வளர்ந்த அவ்வணி, மறு ஆண்டிலேயே, 1943 இன் பின்னர் தனக்குக் கிட்டாதிருந்த சாம்பியன் பட்டத்தை வென்றது. பருவத்துக்கு முந்திய உழைப்பின் பெறுமதியை யாவரும் உணர்ந்துகொண்டனர்.

இன்று வீரர்கள் முழுநேர ஊதியம் பெறுவோர். நவம்பர் மாதத்தில் இளைய வீரர்கள் முதலில் பயிற்சிக்குத் திரும்புவர். மூத்தோர் சில நாள்கள் கழித்துச் சேர்வர். அதே மாதத்தில் நாடெங்குமிருந்து தெரிந்தெடுக்கப்படும் பதினெட்டு வயது இளைஞர் சிலரும் முதன்முறையாகக் கழகத்தின் உடையணிந்து வந்து நிற்பர். இரண்டு கிலோமீற்றர் தூரத்தை நேரங்குறித்து ஓடும் சோதனை தொடக்கத்திலே நடைபெறும். விடுமுறையில் உடலைப் பேணியவர் யார், பேணாதவர் யார் என்பதை அவ்வோட்டமே சொல்லிவிடும். நத்தார் விடுமுறைக்குப் பின், ஜனவரியில் பயிற்சி கடுமையாகும். பெப்ரவரியில் ஓர் அணியே இரண்டாகப் பிரிந்து தன்னோடு தான் மோதும் ஒத்திகை ஆட்டமும், பின்னர் பிற கழகங்களுடனான பயிற்சி ஆட்டங்களும் நிகழும்.

இப்பயிற்சியின் தத்துவம் யாதெனில், உடலுக்குச் சுமையைப் படிப்படியாக ஏற்றுதலாகும். சுமை குறைவாயின் பருவத்தின் நடுவே வீரன் களைத்துவிடுவான். திடீரென மிகுமாயின் தசை கிழியும். இக்கூட்டிணைவில் 1992 இல் தொடங்கிய காயக் கணக்கெடுப்புகள், தொடையின் பின்புறத் தசையிலேற்படும் கிழிவே வீரர்களை அதிகம் வாட்டும் காயம் எனக் காட்டியுள்ளன. ஆதலின், வீரரின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே சிறு கருவியொன்று பொருத்தப்படுகின்றது. செய்மதியின் உதவியுடன் அவர் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் அது பதிவு செய்யும். பயிற்றுநர் அக்கணக்கைப் பார்த்தே மறுநாட் பயிற்சியை வகுப்பார்.

வேலியோரத்தில் நிற்பவரிடம் கருவி எதுவுமில்லை. அவருக்குள்ளவை இரு கண்களும் பல்லாண்டுப் பழக்கமுமே. முதலில் அவர் தேடுவது பந்துடன் ஓடுவோரையன்று. களத்தின் ஓரமாகத் தனியே மெல்ல ஓடும் சிறு குழுவையே. காயத்திலிருந்து மீண்டு வருவோர் அவர்கள். முழங்கால் இணையம் அறுந்து அறுவைச் சிகிச்சை பெற்ற வீரர் மீண்டும் ஆட ஓராண்டளவு செல்லும். அவர் சென்ற வாரம் நேராக மட்டும் ஓடினார். இவ்வாரம் பக்கவாட்டில் திரும்புகிறார் என்பதைக் கண்டவுடன், வேலியோரத்து முகங்களில் ஒளி பிறக்கும். அடுத்து, புதிதாக வந்த இளைஞன் இடது காலாலும் உதைக்கிறானா, மூத்தோரிடம் அஞ்சி ஒதுங்குகிறானா என்று நோக்குவர். முன்பு பின்வரிசையில் ஆடியவர் இன்று முன்வரிசையில் நிற்பதைக் கண்டு பயிற்றுநரின் உள்ளக்கிடக்கையை ஊகிப்பர். பார்த்தவற்றைக் குறித்து, வேற்று மாநிலங்களிலும் தொலைதூரக் கிராமங்களிலும் வாழ்ந்து களத்துக்கு வர முடியாத கழக அன்பர்களுக்கு அறிவிப்போரும் உளர். கைம்மாறு கருதாத தொண்டு அது.

விளையும் பயிரை முளையிலே தெரியும் என்பது நம் முதுமொழி. பயிற்சிக் களத்தில் அது முற்றும் பொருந்துமா? பொருந்தாது என்பதே அனுபவசாலிகளின் முடிபு. ஜனவரி மாதத்தில் தோற்ற அணி உலகில் இல்லை. எல்லா வீரரும் மெலிந்து வலுப்பெற்றவராகவே தோன்றுவர். 2016 ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் இடத்தில் நின்ற றிச்மண்ட், 2017 செப்டெம்பர் 30 அன்று 100,021 பேர் முன்னிலையில் அடிலெயிட் அணியை 48 புள்ளிகளால் வென்று, 37 ஆண்டுகளின் பின் சாம்பியனாயிற்று. அதற்கு முந்திய கோடையில், அக்கழகத்தின் பழைய பயிற்சிக் களமான பண்ட் வீதி மைதானத்தின் ஓரத்தில் நின்றோருக்கு நம்பிக்கை இருந்திருக்கலாம், உறுதி இருந்திராது. முப்பத்தாறு கோடைகள் அவர்கள் அதே நம்பிக்கையுடன் வந்து, ஏமாந்து, மீண்டும் வந்தவர்களல்லவா? மறு ஆண்டில் அக்கழகத்தின் அங்கத்தவர் தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது. இக்கூட்டிணைவில் அவ்வெல்லையை முதன்முதலில் எட்டிய கழகம் அதுவேயாகும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றிலேயே சில வேளை பேராபத்தும் ஒளிந்திருக்கும். எசெண்டன் கழகம் 2012 ஆம் ஆண்டுப் பருவத்துக்கென மேற்கொண்ட ஊசிமருந்துத் திட்டம் 2013 இல் வெளிவந்து நாட்டையே அதிரச் செய்தது. அவ்வாண்டிலேயே கழகத்துக்கு 20 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2016 ஜனவரியில் விளையாட்டுக்கான நடுத்தீர்ப்பு மன்றம் 34 வீரர்களைக் குற்றவாளிகளாகக் கண்டு தடை விதித்தது. 2017 இறுதியாட்டத்தில் தோல்வியுற்ற அடிலெயிட் கழகமோ, 2018 இன் தொடக்கத்தில் தன் வீரரை மன உறுதிப் பயிற்சி முகாமொன்றுக்கு அழைத்துச் சென்றது. அவ்வாண்டு நடந்த விசாரணை விதிமீறல் எதுவுமில்லை என்றது. ஆயின் 2022 இல், முகாமிற் கலந்துகொண்ட எடி பெற்ஸ் என்னும் புகழ்மிக்க வீரர், அங்கு தாம் அடைந்த மன வேதனையைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் வெளியிட்டார். கழகம் அவரிடமும், அம்முகாமினால் வருந்திய ஏனையோரிடமும் மன்னிப்புக் கோரியது. பயிற்சி என்பது மனிதனை வலுப்படுத்தற்கே உரியது. அவனை ஒரு கருவியாக எண்ணத் தொடங்கின் அது பயிற்சியாகாது என்னும் பாடத்தை இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பித்தன.

இங்கேயே மற்றொரு வினாவும் எழுகின்றது. பயிற்சியைப் பார்க்கும் உரிமை இரசிகருக்கு உண்டா? பயிற்றுநர் தம் ஆட்ட உத்திகளை எதிரணியினர் அறிந்துகொள்வர் என அஞ்சுவது இயல்பே. அதனால் சில நாள்களில் வாயில் திறந்திருக்கும். சில நாள்களில் மூடப்பட்டிருக்கும். கழகங்கள் பல தம் பழைய தெருவோர மைதானங்களை விட்டு நகர்ப்புறத்துக்கு அப்பாலுள்ள வசதிமிக்க நிலையங்களுக்குச் சென்றுள்ளன. எசெண்டன் 2013 இல் தன் பழைய களமான வின்டி ஹில்லை விட்டு நீங்கியது. வீரருக்கு அது நன்மையே. ஆனால் அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்த முதியவருக்கு வழி நீண்டுவிட்டது.

இரசிகர் இதனைச் சிறிய குறையாகக் கொள்வதில்லை. காரணம், கழகத்தைத் தம் உடைமையாகவே அவர்கள் கருதுகின்றனர். அக்கருத்துக்கு ஆதாரமும் உண்டு. 1989 ஒக்டோபரில் ஃபுற்ஸ்கிறே கழகத்தை, கடன் காரணமாக ஃபிற்ஸ்றோய் கழகத்துடன் இணைத்துவிடத் தீர்மானிக்கப்பட்டது. தொழிலாளர் மிகுந்த அப்பகுதி மக்கள் மைதானத்திலே திரண்டனர். வீதிகளில் உண்டியலேந்திப் பணம் சேர்த்தனர். சில வாரங்களில் கழகத்தைக் காப்பாற்றினர். 1954 இல் மட்டுமே பட்டம் வென்றிருந்த அக்கழகம், 62 ஆண்டுகளின் பின் 2016 இல் மீண்டும் வென்றது. 1996 இல் ஹோதோர்ன், மெல்பேண் ஆகிய இரு கழகங்களை ஒன்றாக்க முயன்றபோது, ஹோதோர்ன் அங்கத்தவர்கள் தம் வாக்கினால் அதனைத் தடுத்தனர். வேலியோரத்தில் நிற்பவர் வெறும் வேடிக்கை பார்ப்பவரல்லர். வாக்குரிமையும் பொறுப்புமுடைய பங்காளர். தன் வயலை உழவன் நாள்தோறும் சென்று பார்ப்பது போல அவர் தம் கழகத்தைப் பார்க்க வருகிறார்.

செப்டெம்பரில் பட்டம் பெறுவது ஓரணி மட்டுமே. ஏனைய பதினேழு அணிகளின் இரசிகரும் வெறுங்கையுடனேயே வீடு திரும்புவர். ஆயினும் நவம்பர் மாதத்தின் ஒரு காலையில், புள்ளிகளெல்லாம் மீண்டும் பூச்சியத்துக்கு வந்து நிற்க, புதிய இளைஞன் ஒருவன் தயங்கியவாறு களத்திலிறங்குவான். அவன் பெயரைக் கேட்டறிந்து, அவனுடைய இலக்கத்தை மனத்திற் பதித்துக்கொண்டு, வேலியோரத்து முதியவர் தம் தொப்பியை வெயிலுக்குச் சற்றே தாழ்த்திக்கொள்வார். தோல்வியை மறவாமலே நம்பிக்கையைப் புதுப்பித்துக்கொள்ளும் அப்பண்பு, விளையாட்டின் எல்லையோடு நின்றுவிடுவதன்று.