ஒருமுறை சாவி கொடுத்தால் கடிகாரம் எத்தனை நாள் ஓடும்?

மின்சாரமோ பேட்டரியோ இன்றி இயங்கும் கடிகாரங்களில் சில, ஒருமுறை சாவி கொடுத்த பின் 30 மணி நேரத்தில் நின்றுவிடுகின்றன. சில 400 நாள்கள் ஓடுகின்றன. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது கடிகாரத்தின் விலையன்று. அதில் சேமிக்கப்படும் ஆற்றலும், அந்த ஆற்றல் செலவாகும் வேகமுமே.

தரையில் நிற்கும் உயரமான பழைய ஊசல் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் தொங்கும் 5 கிலோ எடை ஒன்று, 8 நாள்களில் சுமார் ஒன்றரை மீட்டர் கீழே இறங்குகிறது. இதில் கிடைக்கும் ஆற்றல் 75 ஜூலுக்கும் குறைவு. ஒரு வாட் விளக்கை ஒன்றேகால் நிமிடம் எரிப்பதற்குக்கூட அது போதாது. அந்தச் சொற்ப ஆற்றலே பல்சக்கரங்களின் வழியாக, ஊசலின் ஒவ்வோர் அசைவுக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடப்படுகிறது.

அதே கடிகாரத்தை 32 நாள்கள் ஓடச் செய்ய வேண்டுமெனில், கூடுதலாக ஒரு பல்சக்கரம் சேர்த்து எடை இறங்கும் வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அப்போது கடைசிச் சக்கரத்தை எட்டும் விசையும் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட 20 கிலோ எடை தேவை. உராய்வையும் கணக்கில் கொண்டால் அதுவும் போதாது. ஓடும் காலத்தை நீட்டிப்பது இலவசமன்று.

இந்திய வீடுகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த சுவர்க் கடிகாரங்கள் பெரும்பாலும் 8 நாள் வகையைச் சேர்ந்தவை. வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு கிழமையில் சாவி கொடுப்பது வழக்கம். மறந்தவர்களுக்கான சலுகையே எட்டாவது நாள். எச்எம்டி நிறுவனத்தின் 'ஜனதா' போன்ற கைக்கடிகாரங்களுக்கோ தினமும் சாவி கொடுக்க வேண்டும்.

கப்பல்களில் இது வெறும் வழக்கமாக இருக்கவில்லை. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க, புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் இன்றியமையாதது. அது நின்றுபோனால் கப்பலின் இருப்பிடமே ஐயத்திற்குரியதாகிவிடும். எனவே இரண்டு நாள்களுக்கு மேல் ஓடக்கூடிய கப்பல் கடிகாரத்திற்கும் தினந்தோறும் ஒரே வேளையில் சாவி கொடுக்கப்பட்டது. சுருள்வில்லின் ஒரே பகுதி நாள்தோறும் பயன்படுவதால் ஓட்டத்தின் சீரும் காக்கப்பட்டது.

400 நாள் கடிகாரத்தின் உத்தி வேறு. அதன் ஊசல் பக்கவாட்டில் ஆடுவதில்லை. மெல்லிய உலோகக் கம்பியில் தொங்கியபடி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 8 முறை மட்டுமே இருபுறமும் மெதுவாகத் திரும்புகிறது. செலவு குறைவென்பதால் ஆற்றல் ஓராண்டைத் தாண்டியும் நீடிக்கிறது. ஆனால் நேரத் துல்லியத்தில் சாதாரண ஊசல் கடிகாரத்துடன் அது போட்டியிட இயலாது.

1864இல் உருவாக்கப்பட்டு, நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உள்ள பெவர்லி கடிகாரத்திற்கு இதுவரை சாவியே கொடுக்கப்பட்டதில்லை. வெப்பநிலை மாறும்போது பெட்டிக்குள் அடைக்கப்பட்ட காற்று விரிந்து சுருங்கி, அதன் எடையை மேலே தூக்குகிறது. வெப்பநிலை போதிய அளவு மாறாத நாள்களில் அது நின்றதும் உண்டு.

வீட்டில் பழைய கடிகாரம் வைத்திருப்போர், 'அதிகமாகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது' என்று கூறுவதுண்டு. முழுமையாக முறுக்கப்பட்ட நிலையிலும் கடிகாரம் ஓடவில்லையெனில், பெரும்பாலும் உலர்ந்துபோன எண்ணெயும் படிந்த அழுக்குமே அதற்குக் காரணம். அதைத் தாமே பிரித்துப் பார்ப்பது ஆபத்தானது. முறுக்கிய சுருள்வில் திடீரென விடுபட்டால் பல்சக்கரங்களின் பற்கள் உடையலாம், கை விரல்களும் காயமடையலாம்.