மாநில வரவு செலவுத் திட்டமும் கணினியும்

மாநில அரசாங்கம் கணினிக்கும் மென்பொருளுக்கும் பணம் ஒதுக்கியிருக்கின்றது என்னும் செய்தியைக் கேட்கும் தோட்ட மக்களுள் சிலர், "பால் மரம் வெட்டிப் பிழைக்கும் நமக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு?" என்று வினவுவதுண்டு. தொடர்பு உண்டு, அதுவும் மிக நெருங்கிய தொடர்பு. தொழிலாளி ஒருவர் பல்லாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தைக் கொண்டு ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு வீட்டை வாங்குவாராயின், அவ்வீடு நிற்கும் நிலம் அவருக்கே உரியது என்பதற்குச் சான்று நிலப் பதிவேடேயாகும். அப்பதிவேடு இன்று கணினியில் உள்ளது. அதனைப் பேணிக் காக்கும் செலவு மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தைச் சார்ந்தது.

நிலம் மாநிலத்தின் பொறுப்பு

நமது கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, எந்தப் பணி மத்திய அரசாங்கத்துக்குரியது, எந்தப் பணி மாநிலத்துக்குரியது என்று வகுத்துரைக்கின்றது. கல்வியும் மருத்துவமும் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமோ மாநிலத்தின் பொறுப்பு. பத்தாம் அட்டவணையின்படி நிலத்திலிருந்து கிடைக்கும் வருமானமும் மாநிலத்தையே சேரும். ஆகவே, நாம் செலுத்தும் நிலவரி மலாக்கா மாநிலத்தின் கருவூலத்திற்குச் செல்கின்றது.

அப்பணத்தை எவரும் தம் விருப்பம்போல் எடுத்துச் செலவிட இயலாது. சட்டம் அனுமதித்தாலன்றி ஒரு காசும் வெளியேறலாகாது. எனவேதான் அடுத்த ஆண்டின் செலவுகளுக்கான மசோதா, 28 உறுப்பினர்களைக் கொண்ட மலாக்கா சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் தாக்கல் செய்யப்படுகின்றது. உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்றிய பின்னரே இலாகாக்கள் செலவு செய்யத் தொடங்கும்.

எந்தத் தலைப்பில் எந்தச் செலவு?

அரசாங்கச் செலவு நிர்வாகச் செலவு, மேம்பாட்டுச் செலவு என இருவகைப்படும். புதிய கட்டடம் எழுப்புவதைப் போன்றே, புதிய கணினி முறை ஒன்றை உருவாக்குவதும் பொதுவாக மேம்பாட்டுச் செலவாகக் கருதப்படும். நிர்வாகச் செலவோ எண்ணிட்ட தலைப்புகளாகப் பிரிக்கப்படுகின்றது. நமது நாட்டின் அரசாங்கக் கணக்கில் 10000 என்பது ஊழியர் சம்பளம். 20000 என்பது சேவைகளும் பொருள்களும். 30000 என்பது சொத்து.

ஒரு நில அலுவலகத்திற்குக் கணினி வாங்கினால் அது சொத்துத் தலைப்பில் அடங்கும். அதனைப் பழுது பார்க்கும் செலவும், மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணமும், தொலைத்தொடர்புக் கட்டணமும் சேவைத் தலைப்பில் வரும். அதனை இயக்கும் அலுவலரின் ஊதியம் சம்பளத் தலைப்பில் சேரும். ஒரே கணினிக்கு மூன்று தலைப்புகளில் பணம் வேண்டியிருப்பதை இதனால் அறியலாம்.

கன்று நட்டால் போதுமா?

1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் ஒன்றை உருவாக்கினார். கன்று நட்ட மறுநாளே பால் கிடைப்பதில்லை என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஐந்து ஆறு ஆண்டுகள் களையெடுத்து, உரமிட்டு, நோய் அணுகாது காத்த பின்னரே மரத்தில் கத்தி வைக்கின்றோம். கன்று வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டுக் களையெடுக்கப் பணம் ஒதுக்காத தோட்டம் காடாகிவிடும்.

கணினி முறையும் அத்தகையதே. வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. பராமரிப்போ ஆண்டுதோறும் வரும் செலவு. பராமரிப்புக்குரிய தொகையைக் குறைத்தால் அவ்வாண்டில் சிக்கனம்போல் தோன்றும். ஆனால், முறை பழுதுற்று அலுவலகப் பணி தடைப்படுமாயின், ஒருநாள் கூலியை இழந்து நகருக்கு வந்த தொழிலாளி வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். அந்த இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் பதியப்படுவதில்லை.

பொது முறையின் பயன்

1996-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பல்லூடகப் பெருவழித் திட்டத்தில் மின்னியல் அரசாங்கம் ஒரு முக்கிய அங்கமாக இடம் பெற்றது. மாநில அரசாங்கங்களின் கணக்குகளுக்கென 'ஸ்பெக்ஸ்' என்னும் பொதுவான கணினிக் கணக்கு முறை ஏற்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே மென்பொருள் எழுதுவித்தால் ஒரே வேலைக்குப் பலமுறை பணம் செலவாகும். கணக்குகளை ஒப்பிடுவதும் கடினமாகும். நில நிர்வாகத்திற்கான 'இ-தானா' முறை பினாங்கில் முன்னோடியாகச் செயற்படுத்தப்பட்டது. மலாக்காவும் அதனைப் பயன்படுத்துகின்றது.

செலவழித்த பணத்திற்குப் பயன் விளைந்ததா என்பதைத் தலைமைக் கணக்காய்வாளர் ஆராய்கின்றார். மாநிலக் கணக்கு பற்றிய அவரது அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் விதி. நம் தொகுதி உறுப்பினர் அதனைப் படித்துக் கேள்வி எழுப்பலாம். எழுப்புமாறு நாமும் அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

நம் கடமை யாது?

செக்ரோலில் பெயர் தவறாக ஏறினால் சம்பளம் தவறிவிடும் என்பது நாம் அறிந்ததே. எவ்வளவு பணம் செலவிட்டு வாங்கிய கணினியாயினும், உள்ளே இட்டதையே அது வெளியே தரும். நம்மவர் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஓரெழுத்துக் கூடுவதும் குறைவதும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், 'கிராண்டு' என்று நாம் வழங்கும் நிலப் பத்திரத்தில் மற்றொரு விதமாகவும் பெயர் இருக்குமாயின், வீட்டை விற்கும்போதும் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றும்போதும் இடர்ப்பாடு எழும். எனவே, நிலப் பத்திரம் கைக்கு வந்தவுடன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும். எழுத்துப் பிழை இருப்பின், நில அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்தக் கோரலாம். பதிவுப் பிழையைத் திருத்தும் அதிகாரத்தை 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் பதிவாளருக்கு அளித்துள்ளது.

நிலவரியை ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 31-ஆம் தேதிக்குள் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அது நிலுவையாகிவிடும். முறையாகச் செலுத்தப்படும் வரியே, நம் வீட்டின் உரிமையைக் காக்கும் பதிவேட்டைப் பேணுவதற்கும் துணை நிற்கின்றது என்பதை நினைவிற் கொள்வோமாக.