சிர்க்கோனுள் மறைந்திருந்த மூலகம்

கிழக்கிலங்கைக் கரையிலே, மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே திருக்கோவிலிலும், திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையிலும், அலை ஒதுக்கிய கரிய மணலைக் காணலாம். புல்மோட்டை மணலை அகழ்ந்தெடுத்தற்கென 1957ஆம் ஆண்டில் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. மணலுக்குக் கருமை தருவது இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம் அது. அதனோடு கலந்து, நிறங்குன்றிய சிர்க்கோன் மணிகளும் கிடக்கும். இவை சிர்க்கோனியத்தின் சிலிக்கேற்று.

தைத்தேனியமும் சிர்க்கோனியமும் ஆவர்த்தன அட்டவணையிலே ஒரே கூட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. ஒரே மணலிற் கிடந்தும் அவை வெவ்வேறு கனியங்களிற் பிரிந்து வாழ்கின்றன. அக்கூட்டத்தின் அடுத்த மூலகமாகிய ஹாப்னியமோ, சிர்க்கோனியம் உள்ளவிடத்தே நூற்றுக்கு ஓரிரு பங்காக ஒளிந்திருக்கின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

அணுவின் பருமனே காரணம். அட்டவணையின் ஒரு வரிசையில் இடமிருந்து வலஞ்செல்லுந்தோறும் கருவின் நேரேற்றம் பெருகும். வந்து சேரும் இலத்திரன்களோ ஒரே ஓட்டில் அமைவதால் ஒன்றையொன்று கருவினின்றும் நன்கு மறைக்கமாட்டா. ஆகவே அணு சுருங்கும். வாவி நீரின் உப்பையே எடுத்துக்கொள்க. சோடியத்தின் அணுவாரை 186 பிக்கோமீற்றர்; அதே வரிசையிலுள்ள குளோரீனுக்கு 99. புறவிலத்திரனை எளிதில் இழப்பது முன்னது. பிறிதோர் இலத்திரனை விரும்பி ஏற்பது பின்னது. கூட்டத்தில் மேலிருந்து கீழ் இறங்கினால், புதிய ஓடு ஒன்று கூடுவதால் அணு பருக்கும். இலிதியம் 152, சோடியம் 186, பொற்றாசியம் 227 என்பது அவ்வொழுங்கு.

இவ்விதியின்படி தைத்தேனியம் 147, சிர்க்கோனியம் 160 என வளர்ந்த ஆரை ஹாப்னியத்தில் மேலும் வளரவேண்டும். வளரவில்லை, 159 இலேயே நின்றுவிடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே இலந்தனைட்டு மூலகங்கள் புகுந்தமையே இதன் காரணம். அவற்றிலே பதினான்கு இலத்திரன்கள் உள்ளோடு ஒன்றில் நிரம்புகின்றன. கருவின் இழுப்பை மறைப்பதில் இவை மிக வலிகுறைந்தவை. எனவே 187 ஆகவிருந்த இலந்தனத்தின் ஆரை, வரிசை முடிவில் உலுற்றீசியத்தில் 174 ஆகக் குறைகின்றது. புதிய ஓடு தந்த பருமனை இச்சுருக்கம் விழுங்கிவிடுகின்றது. இதுவே இலந்தனைட்டுச் சுருக்கம் எனப்படும். பாடநூல்கள் இதனை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றன, அது போதாது.

1789இல் பேர்லின் நகரத்துக் கிளப்புரோத்து, இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல்லைப் பகுத்தே சிர்க்கோனியத்தின் ஒட்சைட்டைக் கண்டார். அதனுள் மற்றொன்றும் இருந்ததை அடுத்த 134 ஆண்டுகள் எவரும் அறிந்திலர். ஹாப்னிய அணு ஏறத்தாழ இருமடங்கு பாரமுடையதாயினும், பருமனும் புறவிலத்திரன் அமைப்பும் ஒத்திருந்தமையால் இரசாயனச் சோதனை எதற்கும் அது அகப்படவில்லை. மோசிலி 1913இல் தொடங்கிய எக்ஸ்கதிர் ஆய்வுகள் 72ஆம் இடம் வெறுமையாயிருத்தலைப் புலப்படுத்தின. அருமண் மூலகங்களிடையே அதனைத் தேடியவர் சிலர். நீல்ஸ் போரோ, அவ்வரிசை 71 உடன் முடிகின்றதென்றும், 72 சிர்க்கோனியத்தின் உறவாகும் என்றும் கொண்டார். அவருடைய கோபனேகன் ஆய்வுகூடத்தில், கொஸ்ரரும் ஹெவெசியும் நோர்வே நாட்டுச் சிர்க்கோனை எக்ஸ்கதிரால் ஆராய்ந்து, 1923இல் அம்மூலகத்தை வெளிப்படுத்தினர். கோபனேகனின் இலத்தீன் பெயரே அதற்கு இடப்பட்டது.

நிற்க. புறத்தே ஒத்த இவ்விரண்டும் கருவிலே பெரிதும் மாறுபட்டவை. சிர்க்கோனியம் நியூத்திரன்களைத் தடையின்றிச் செல்லவிடும். ஆகவே அணுவுலையின் எரிபொருட் குழாய்கள் அதன் கலப்புலோகத்தால் ஆக்கப்படுகின்றன. ஹாப்னியமோ அதனினும் ஏறக்குறைய அறுநூறு மடங்கு நியூத்திரன்களை விழுங்கும். எனவே உலைக்குரிய சிர்க்கோனியத்திலிருந்து, பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறையுமட்டும் ஹாப்னியத்தை நீக்குதல் வேண்டும். ஒத்த பருமனுடைய இரண்டைப் பிரிப்பதாகலின், கரைப்பான்களாற் படிப்படியாகப் பலமுறை பிரித்தல் அவசியமாகின்றது. தூத்துக்குடியை அடுத்த பழையகாயலில் 2009இல் தொடங்கிய ஆலை உலைக்குரிய சிர்க்கோனியத்தை ஆக்குகின்றது. புல்மோட்டைச் சிர்க்கோன் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. பிரித்தெடுத்த ஹாப்னியமும் வீணாவதில்லை. நியூத்திரன்களை விழுங்கும் அக்குணத்தாலேயே, சில அணுவுலைகளில் தாக்கத்தை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களாக அது அமைகின்றது.