இல்லமும் ஒரு பள்ளியே



"எனக்கே எழுத்தறிவு இல்லை, பிள்ளைக்கு எதைக் கற்பிப்பேன்?" எனத் தோட்டத் தாய்மார் பலர் வினவுவதுண்டு.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சரின் விலக்குப் பெறுதல் வேண்டும். ஆயின், பள்ளியில் சேருமுன்னும் பள்ளி விட்ட பின்னும் வீட்டில் கற்பிக்க எவர் அனுமதியும் வேண்டா.

நாள்தோறும் ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்குக. அப்பொழுது தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். தமிழெழுத்துகள் 247 எனினும், எழுத எளிய ட, ப, ம மூன்றையும் முதலில் மணலில் எழுதிப் பழக்குக. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கக் கற்றதும் படம், மடம், பட்டம் எனச் சொற்கள் பிறக்கும். சமையலின்போது வெங்காயத்தை ஐந்தைந்தாகப் பிரிக்கச் சொல்லுக. அதுவே பெருக்கலுக்கு வித்து.

எழுத்தறியாதோர் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாலே போதும். பிள்ளை தடுமாறும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு அனுப்புக, ஆசிரியர் திருத்துவார்.

பால்மரம் சீவிய என் தாயார் எழுத்தறியாதவர். நான் படிக்க, அடுப்படியிலிருந்து கேட்பார். நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லே என்னை ஆசிரியனாக்கியது.

- தலைமையாசிரியர்