அடிபட்டவர் பங்கு எவ்வளவு?

விபத்து இழப்பீட்டில் விழும் வெட்டு எப்போது நியாயம் என்பதைத் தீர்ப்புகள் தெளிவாக்கிவருகின்றன

கோவை, ஜனவரி 2017. பொறியியல் மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் முன்னால் சென்ற கார் எந்தச் சைகையும் இல்லாமல் சட்டென்று நின்றது. காரின் பின்புறம் மோதி மாணவர் சாலையில் விழ, பின்னால் வந்த பஸ் அவர் மீது ஏறியது. இடது கால் போயிற்று. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டியதால் பிரேக் போட்டதாகச் சொன்னார் காரை ஓட்டியவர்.

தவறு யாருடையது? மூன்று இடங்களில் மூன்று கணக்கு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் காரை அப்படியே விட்டுவிட்டு, பஸ் மீது 80 சதவீதம், மாணவர் மீது 20 சதவீதம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் காருக்கு 40, மற்ற இருவருக்கும் தலா 30 என்று மாற்றியது, இழப்பீட்டையும் குறைத்தது. சுமார் 73 லட்சமாக இருந்த தொகை 58.5 லட்சம் ஆனது. ஜூலை 2025-ல் உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்தது. மொத்தம் 1.14 கோடி ரூபாய். மாணவரின் பங்கு போகக் கையில் 91.39 லட்சம். அதாவது ஒவ்வொரு சதவீதமும் ஒரு லட்சத்துக்கு மேல்.

அடிபட்டவரின் அஜாக்கிரதையும் விபத்துக்குக் காரணமாக இருந்தால், அந்த அளவுக்கு இழப்பீட்டில் வெட்டு விழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சதவீதத்தை அளக்கத் தராசு எதுவும் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கோ இது வசதியான ஆயுதம். ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, பைக்கில் மூன்று பேர் என்று ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும் என்ற நினைப்பு.

போதாது என்கிறது உச்ச நீதிமன்றம். மூன்று பேர் சென்ற பைக்கைப் பின்னாலிருந்து கார் மோதிய வழக்கில், பைக்கில் மூவர் இருந்ததற்காக உயர் நீதிமன்றம் 10 சதவீதம் வெட்டியிருந்தது. 2020-ல் அந்த வெட்டு ரத்தானது. மூவர் சவாரி சட்ட மீறல்தான். ஆனால் விபத்து நடந்ததற்கோ காயத்தின் கடுமைக்கோ அது காரணம் என்று நிரூபிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாததும் தனியாக அஜாக்கிரதை ஆகாது என்று 2008-லேயே சொல்லப்பட்டாயிற்று. அப்படியிருக்க, கோவை மாணவர் போதிய இடைவெளி விடாததோடு லைசென்ஸ் இல்லாததும் அவர் கணக்கில் சேர்ந்தது சற்று உறுத்துகிறது.

போலீஸ் காகிதங்கள் இன்னொரு தலைவலி. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடக்கும்போது, எஃப்.ஐ.ஆர். வேறு யாரோ சொன்னபடி பதிவாகிவிடக்கூடும். சம்பவ இட மகஜரில் வண்டிகள் கிடந்த நிலையை வைத்தோ, பிரேதப் பரிசோதனையில் சாராய வாடை இருந்ததை வைத்தோ மட்டும் இறந்தவர் மீது பழி போட முடியாது என்று 2013-ல் ஒரு கேரள வழக்கில் தீர்ப்பானது. கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமையும் மனுதாரருக்கு இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

இரண்டு பஸ்கள் மோதி, பயணி காயப்பட்டால் கதை வேறு. அவர் மேல் தவறே இல்லை. எந்த பஸ் தரப்பிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வசூலிக்கலாம். பங்கு பிரிப்பது அவர்கள் தலைவலி. 2015-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனாலும் பயணியின் வழக்கறிஞர் இரண்டு கம்பெனிகளையும் எதிர்தரப்பில் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தவறு யாருடையது என்ற கேள்வியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஏப்ரல் 2022-ல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட 164-ஆம் பிரிவின்படி, இறப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம். எதையும் நிரூபிக்க வேண்டாம், வெட்டும் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போடுமுன் யோசிக்க வேண்டும்: அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும்.